‘லா’வுக்காக எழுந்து நின்றேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிறு பிற்பகல், சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நடந்தது இது. நான் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை. ராக் இசைக்கும் எனக்கும் அதுவரை ஏழாம் பொருத்தம்.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான் நம்மூர் இளைஞர்கள் நால்வர் சேர்ந்து தமிழில் ஒரு ராக் ஆல்பத்தை இணையத்தில் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு அதுதான் முதல் ஆல்பம். என் தங்கை அனுப்பிவைத்தாள். பிடோக்கிலிருந்து பள்ளிக்குப் போகும் ரயிலில் வேண்டாவெறுப்பாகக் கேட்க ஆரம்பித்தவள், இறங்க வேண்டிய நிலையத்தையே தவறவிட்டேன். கிட்டார் முதலில் தயங்கித் தயங்கி வரும். பிறகு டிரம்ஸ் விழும் பாருங்கள், நெஞ்சுக்கூடே அதிரும்! காதல், நிலா எதுவும் கிடையாது. பழுதான மின்தூக்கி, ஜூரோங் கம்பெனி பேருந்தில் தூங்கி வழியும் அப்பா என்று எல்லாம் நாம் தினமும் பார்ப்பவை. நான்காவது பாட்டு, வேலை போன ஒருவனுக்கு நண்பன் சொல்லும் ஆறுதல். அதைக் கேட்டு ரயிலிலேயே அழுதுவிட்டேன்.

ஆனால் அதன் பல்லவி, “விடு லா, பாத்துக்கலாம் லா” என்று முடிந்தது. இங்கே சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லாருடைய பேச்சிலும் வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே ‘லா’. எனக்குள் இருந்த வாத்தியாரம்மா விழித்துக்கொண்டாள். இது தமிழே இல்லை, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று குழுவின் இணையப் பக்கத்தில் நீளமாக எழுதிவிட்டேன். மறுநாளே பதில் வந்தது: “மன்னிச்சிடுங்க டீச்சர். வெளியீட்டு விழாவுல அந்தப் பாட்ட பாட மாட்டோம்.”

பெருமையாகத் தங்கைக்கு போன் போட்டேன். “நல்ல பாட்டாச்சே அக்கா” என்று இழுத்தாள் அவள்.

“நல்லா இருந்தா போதுமா? அதெல்லாம் தமிழே இல்ல லா!” என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் வாயில் தினமும் புரளும் ஒரு சொல்லுக்காக, எனக்கு மிகவும் பிடித்த பாட்டின் கழுத்தை நானே நெரித்திருந்தேன். உடனே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதிலே இல்லை.

விழாவுக்குப் போனேன். எண்பது பேர் இருப்போம். மூன்றாவது பாட்டு முடிந்ததும் நேராக ஐந்தாவதுக்குத் தாவினார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசிப் பாட்டும் முடிந்து, நன்றி சொல்லிவிட்டு, பாடகன் கிட்டாரைக் கழற்றப் போனான். வந்தது வரட்டும் என்று எழுந்து நின்றேன்.

“தம்பி, அந்த நாலாவது பாட்டு வேணாம்னு எழுதுன டீச்சர் நான்தான். தப்பா எழுதிட்டேன். பாடுங்க லா!”

கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு விசில் பறந்தது. “திருத்தாம கேப்பீங்களா டீச்சர்?” என்றான் அவன். தலையாட்டினேன். டிரம்ஸ் விழுந்தது. பல்லவி வந்தபோது அவன் மைக்கை எங்கள் பக்கம் நீட்ட, எண்பது பேரும் கத்திய கத்தலில் கூரையே பெயர்ந்துவிடும் போலிருந்தது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியது நான்தான். மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டு வகுப்பில் பேச முடியவில்லை.

இப்போதெல்லாம் என் வகுப்பில் ஒரு பிள்ளை தனக்கு வரும் தமிழில் தட்டுத்தடுமாறிப் பேச ஆரம்பித்தால், முடிக்கும்வரை நான் குறுக்கே போவதில்லை. பேசி முடித்து அது நிமிர்ந்து உட்காரும்போது எனக்கு வரும் மகிழ்ச்சிக்கு, அந்த நால்வருக்கும் அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கும்தான் கடமைப்பட்டிருக்கிறேன்.