ரேடியேட்டர் குடித்த கிணற்றுத் தண்ணீர்

ஏற்றிச் செல்லச் சரக்கே இல்லாத ஒருவன் சரக்கு வண்டி வாங்கினால் அவனை என்னவென்று சொல்வது? நீங்கள் யோசிக்க வேண்டாம், என் மனைவி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். பாறசாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். என் ஒரு மாதச் சரக்கை ஒரு துணிப்பைக்குள் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுவந்துவிடலாம். அப்படிப்பட்ட நான்தான் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பழைய டீசல் பிக்கப்பைக் கேட்டு எடுத்தேன்.

அந்த ஏலத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாழைக்குலை, பலாப்பழம், பெட்டைக்கோழி என்று அவரவர் விளைச்சலில் முதலாவது எதுவோ அதைக் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். குலைக்காக யாரும் கேட்பதில்லை, பக்கத்தில் நிற்பவனைத் தோற்கடிக்கத்தான் கேட்பார்கள். அந்த வருடம் ஒரு ரப்பர் வியாபாரி தன்னுடைய பிக்கப்பைக் காணிக்கையாக விட்டார். கடவுளுக்குக் கொடுத்த பொருளில் குறை பார்ப்பது மரியாதை இல்லை என்று ஒருவரும் போனட்டைத் திறந்து பார்க்கவில்லை. அவ்வளவு பக்தி.

எனக்கு வண்டி வேண்டாம். ஆனால் எதிரே என் அக்காவின் கணவர் ஞானசிகாமணி அத்தான் நின்றார். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையாவது பேசுவதற்கு முன்னாலும் எதையாவது குடித்த பின்னாலும் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவார். க்ஹும், க்ஹும். மைக் சோதிப்பதுபோல. அன்றைக்கு அவர் செருமிச் செருமி விலையை ஏற்றினார், நானும் ரோஷத்தில் ஏறினேன், உச்சியில் என்னை நிறுத்திவிட்டு அவர் நைசாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மக்கா, நல்ல வண்டியாக்கும். ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு டிரிப் அடிக்கலாம்," என்றார். சபையே சிரித்தது. பாதிரியார்கூடச் சிரித்தார்.

அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை. பிறகு அவருக்கு நுரையீரல் கெட்டு, இதயமும் தளர்ந்து, கட்டிலோடு ஆனபோதும் ஆறவில்லை. பார்க்கப் போவேன், அக்காவோடு பேசுவேன், காப்பி குடிப்பேன், வந்துவிடுவேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, ஆவி, எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தில் பிசாசு விரட்டும்போது பின்வரிசையில் உட்கார்ந்து, விழுகிறவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விழுகிறார்களா என்று பார்க்கிறவன் நான். கழற்றிவிட்டுத்தான் விழுகிறார்கள். எனவே இதை நீங்கள் நம்பவில்லையென்றால் எனக்கு வருத்தமில்லை. நம்பிக்கொண்டு, அதற்கு ஒரு விளக்கமும் கொண்டு கடைக்கு வருகிறீர்களே, அதுதான் எரிச்சல்.

போன மே மாதம், கோடை மழையும் காற்றும் அடித்து கள்ளிக்காடு பக்கம் மரங்கள் கம்பிமேல் விழுந்து, சாயங்காலம் போன கரண்டு மறுநாள் காலையிலும் வரவில்லை. அக்கா வீடு அங்கேதான், மேட்டுமேல். அத்தான் மூச்சுவிடுவது ஒரு இயந்திரத்தால். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாயில் தருகிற அந்தப் பெட்டிக்குக் கரண்டு வேண்டும். இன்வெர்ட்டர் இரவிலேயே செத்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு சிறிய சிலிண்டர்.

"மக்கா, சிலிண்டர் முள்ளு கீழ எறங்கிட்டே வருது," என்று அக்கா போனில் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

"ஆம்புலன்ஸ் விளிச்சியா?"

"விளிச்சேன். மரம் முறிச்சு மாத்தினாத்தான் வருமாம். வந்தாலும் இவரு போமாட்டாரு. அந்த ஐசியூல கைய கட்டிப் போட்டப்பவே சொல்லிட்டாருல்லா, இனி செத்த பெறவு கொண்டுபோனா போதும்ணு."

வாடகை ஜெனரேட்டர்கள் எல்லாம் இரவே போயிருந்தன. மிச்சம் இருந்தது எங்கள் கோயில் ஜெனரேட்டர். கன்வென்ஷன் பந்தலுக்கும் அத்தனை ஒலிபெருக்கிக்கும் போதுமான பூதம், டிரெய்லரில் பூட்டியது. ஒரு மனிதனின் மூச்சுக்கு அவ்வளவு பெரியது தேவையில்லை. ஆனால் ஜெனரேட்டர் அதுதான், அதை இழுக்க அந்த நேரத்தில் கிடைத்த வண்டி என் பிக்கப்தான். அதைப் பூட்டிக்கொண்டு, கோயில் இருக்கும் செங்கல் என்ற ஊரிலிருந்து புறப்பட்டேன்.

சமதரையில் எல்லாம் சரி. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏற்றம் தொடங்கியதும் வெப்பமானியின் முள் அசைந்தது. அந்தப் பக்கம் ஒரு முள் இறங்குகிறது, இந்தப் பக்கம் ஒரு முள் ஏறுகிறது, நடுவில் நான். ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் குறையும் என்று எங்கேயோ படித்திருந்தேன். நம் ஊர் வண்டியில் ஹீட்டர் எதற்கு வைத்தான் என்று அதுவரை புரியவில்லை. மே மாத வெயிலில், ஜன்னலைத் திறந்து வைத்து, ஹீட்டரும் போட்டுக்கொண்டு, அத்தானையும் அந்த ரப்பர் வியாபாரியையும் மின்கம்பியில் விழுந்த மரத்தையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். முள் சிவப்புக்குப் போயிற்று. போனட்டுக்குக் கீழிருந்து ஆவி கிளம்பியது. ஒதுக்கி நிறுத்தி, டிரெய்லர் பின்னால் உருளாமல் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

அது ஒரு வீட்டு வாசல். முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி வேலிக்கு வந்தார். தங்கம் என்று பெயர், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

"வண்டி கெடந்து கொதிக்குதே சாரே! கெணத்துல வெள்ளம் உண்டு, கோரி ஊத்துங்க."

ஆவி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று தெரியும். காத்திருந்தேன், நகத்தைக் கடித்துக்கொண்டு. அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. ஆத்திரத்தில் துவர்த்துத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். பீய்ச்சி அடிக்கும் என்று பயந்தேன். ஒன்றும் அடிக்கவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. இத்தனை ஆவி கக்கிய வண்டியின் ரேடியேட்டர், மண்பானை மாதிரி குளிர்ந்து கிடந்தது.

தங்கம் கொடுத்தது ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாளி, கைப்பிடி போய், பதிலுக்குச் சிவப்பு வயர் கட்டியிருந்தது. ஊற்றினேன். போயிற்று. இன்னொரு வாளி. அதுவும் போயிற்று. நம்பினால் நம்புங்கள், அந்த ரேடியேட்டர் ஒரு வாளிக்குமேல் கொள்ளாது, அது எனக்குத் தெரியும். நான் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன், அது வாங்கிக்கொண்டே இருக்கிறது, மளக் மளக் என்று சத்தத்தோடு. தங்கம் கோரித் தருவார், நான் வாங்கி ஊற்றுவேன், ஒரு கட்டத்தில் அவருக்கே மூச்சு வாங்கியது.

"சாரே, இது வண்டியா ஆனையா?" என்றவர், குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. "கீழ ஒரு துள்ளிகூட போவல்லியே."

நானும் மண்டியிட்டுப் பார்த்தேன். மண் காய்ந்து கிடந்தது. எறும்புகள் அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

உங்களுக்கு அந்த இடத்தில் பயம் வந்திருக்கும். எனக்கு வந்தது கோபம்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் நான் பட்டதில்லை. அங்கே ஒரு மனிதர் மூச்சுக்குத் தவிக்கிறார், இங்கே இந்தச் சனியன் சாவகாசமாகக் குடிக்கிறது. வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்தபடி கத்தினேன்:

"குடி! எலே, குடி! எவ்வளவு வேணுமோ குடிச்சுத் தொலை! கெணத்த வேணும்ணாலும் குடி, குடிச்சுட்டு எழும்பி வா!"

வண்டியைப் பார்த்து 'எழும்பி வா' என்று எதற்குச் சொன்னேன்? தெரியாது. வாயில் வந்தது.

அந்த வாளியோடு நிறைந்தது. தண்ணீர் விளிம்புவரை ஏறி வந்து நின்றது, கொஞ்சம் வழிந்தது. அதன் பிறகு உள்ளேயிருந்து, எங்கேயோ ஆழத்தில் இருந்து, ஒரு சத்தம். க்ஹும், க்ஹும்.

காற்றுக்குமிழிதான். எனக்கும் தெரியும். நானே எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் கையிலிருந்த மூடி கீழே விழுந்தது, தங்கம்தான் எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த வண்டி ஏறிய ஏற்றத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பின்னால் டிரெய்லரே இல்லாததுபோல ஏறியது. முள் நடுவில் ஆணியடித்த மாதிரி நின்றது. வழியில் மரமும் வெட்டி ஒதுக்கப்பட்டிருந்தது.

அக்கா வாசலில் நின்றாள். அவள் நின்ற விதத்தைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். வண்டியை விட்டுக் குதித்தேன்.

"உண்டு," என்றாள் அக்கா. "ஆள் உண்டு. மொதல்ல அந்தச் சாதனத்த ஓட்டு."

ஜெனரேட்டரை ஓட்டினோம், வயரை உள்ளே இழுத்தோம், இயந்திரம் உறுமத் தொடங்கியது, அத்தான் மூக்கில் குழாயை வைத்தோம். பிறகுதான் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிலிண்டர் முள் எப்போதோ பூஜ்ஜியத்தில் விழுந்துவிட்டதாம். உதடு நீலமாகிவிட்டது. ஜெபம் பண்ணிக்கொண்டு கையைப் பிடித்திருந்தாளாம், போன் அடித்தது காதில் விழுந்தும் எடுக்கவில்லை. அப்போது அத்தான் வாயைத் திறந்து வெறுமனே விழுங்க ஆரம்பித்தார்.

"தொண்ட ஏறி ஏறி எறங்குது மக்கா. வெள்ளம் குடிக்குதது மாதிரி. நிக்கவே இல்ல. கடைசி இழுப்பாக்கும்ணு நெனச்சேன். பெறவு ரெண்டு செருமு செருமிட்டு கண்ண முழிச்சாரு."

கட்டிலுக்குப் போய் அத்தானைத் தொட்டேன். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. வியர்வை என்றாள் அக்கா. வியர்வை அவ்வளவு குளிர்ந்திருக்குமா? விரலை முகர்ந்து பார்த்தேன். துரு நாற்றம்.

அத்தான் என்னைப் பார்த்தார். குரல் வர நேரம் பிடித்தது.

"எதுக்குலே என்னய அந்த ஏச்சு ஏசுனே?"

"நான் எப்ப அத்தான்..."

"குடி குடிண்ணு. மஞ்ச வாளியும் தூக்கிட்டு. ஒரு நல்ல வாளி கெடைக்கல்லியாலே ஒனக்கு, கைப்பிடி இல்லாத்தது?"

நான் மஞ்சள் வாளியைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

மெக்கானிக்கிடம் விட்டுப் பார்த்தேன். தெர்மோஸ்டாட் வால்வ் ஒட்டிக்கொண்டது, அதனால்தான் எஞ்சின் கொதிக்க ரேடியேட்டர் குளிர்ந்திருந்தது, பாரமும் அதிகம் என்றான். சரி. அவ்வளவு தண்ணீர் எங்கே போயிற்று என்றேன். வடித்துக் காட்டினான், ஒரு வாளியும் நிறையவில்லை. "டென்ஷன்ல எவ்வளவு ஊத்தினேண்ணு ஆருக்கு சாரே ஓர்ம?" என்றான். தங்கத்துக்கு நன்றாகவே நினைவு இருக்கிறது. ஆனால் தங்கம் அந்த வாளியை அன்றைக்கே எரித்துவிட்டார், இப்போது என் வண்டிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துகிறார்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து அத்தானைப் பரிசோதித்த டாக்டர், கால் இப்படி வீங்கியிருக்கிறதே, தண்ணீரை அளந்து கொடுக்கச் சொன்னேனே, இஷ்டத்துக்குக் குடிக்கவிட்டீர்களா என்று அக்காவிடம் சத்தம் போட்டாராம். அக்கா அளவு டம்ளர் வைத்துக் கொடுக்கிறவள். என் கடைக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்தேன், பழக்கதோஷம்.

வண்டியை விற்கவில்லை. விற்றால் வாங்குகிறவன் ரேடியேட்டரில் எதை ஊற்றுவானோ என்று இருக்கிறது. நானே கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன், கொஞ்சம் கொஞ்சமாக. என் மனைவி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் ஊற்றி முடித்து, மூடியைப் போடாமல், காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். எல்லா முறையும் இல்லை. சில முறை கேட்கிறது.

கால் வீக்கம் குறைந்த பிறகு ஒரு நாள் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கிணறு, எறும்பு, செருமல், ஒன்று விடாமல், குரல் உடைந்துகூடப் போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். இரண்டு தடவை செருமினார்.

"ஊத்தினதுதான் ஊத்தினே மக்கா," என்றார், "ஒரு நாரங்காயாவது பிழிஞ்சு, ரெண்டு கல்லு உப்பும் போட்டு ஊத்தியிருக்கப்பிடாதா?"