அணையில் இறங்கிய குடை

ஓவர்சியர் வேலாயுதம் பிள்ளை காலமான செய்தியை, சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருக்கும் அவருடைய மருமகன் இன்று காலை ஆள் அனுப்பித் தெரிவித்தார். கரமனையில் எங்கள் குளத்தில் குளிப்பவர்கள் எல்லோரும் அவரை அறிவார்கள். அவர்கள் அறியாத ஒன்றை எழுதவே உட்கார்ந்தேன்.

என் கணவர் இறந்த வருஷம் அந்தக் குளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூடக் கிடையாது. வண்டல் மேடிட்டு, கரையாக நின்ற மண் அணையின் நடுவே மாடு புகும் அளவுக்கு உடைப்பு. தூர்த்துத் தென்னை வைக்கலாம் என்றார் என் கொழுந்தனார். வைகாசி நடுவில் பிடிக்கும் இடவப்பாதி மழைக்குள் நான் அணையை எழுப்பிவிட்டால் குளம் இருக்கும், இல்லையென்றால் அவர் இஷ்டம் என்று முடிவாயிற்று. மராமத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த பிள்ளையை அப்போதுதான் அழைத்தேன்.

முதல் நாளே உரசல். அன்றன்றைய வேலையை எழுதித் தர வேண்டும் என்றேன். "எழுதுனா கரை நிக்குமாம்மா?" என்று கேட்டவர், மறுநாள் முதல் எழுதித் தந்தார். கான்வென்ட்டில் டீச்சராக இருந்து படிந்த பழக்கம், அதையும் சிவப்பு மையால் திருத்தினேன். அவர் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்.

வண்டல் முழுவதும் தோப்புக்கு, அணைக்குச் செம்மண் மட்டும். ஒரு சாண் பரப்பி, நனைத்து, இடித்த பிறகே அடுத்த அடுக்கு என்பது அவர் ஏற்பாடு. இடையில் மகளைப் பார்க்க நாகர்கோவில் போனார். செம்மண் வண்டிகள் வரவில்லை. மழை நெருங்குகிறதே என்று, பக்கத்தில் குவிந்திருந்த வண்டலையே உடைப்பில் போடச் சொன்னேன். மூன்றே நாளில் அணை உயர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பி வந்த பிள்ளை, மடக்கிய குடையை அணையில் ஊன்றினார். பாதி வரை இறங்கிற்று. யார் போடச் சொன்னது என்று பக்கத்தில் நின்ற கொழுந்தனார் கேட்டார். வேலையாட்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

"நாந்தான் சொல்லிட்டுப் போனேன். வயசாச்சுல்லா, புத்தி பெசகிப் போச்சு" என்றார் பிள்ளை. பிறகு ஆட்களிடம், "எல்லாத்தையும் வாரி வெளிய போடுங்கடே" என்றார்.

மராமத்து ஓவர்சியருக்கு மண் தெரியவில்லை என்று கொழுந்தனார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பிள்ளைக்கு வருவதாக இருந்த அடுத்த குளத்து வேலை வேறொருவருக்குப் போயிற்று. மழைக்கு முந்தின நாள் எங்கள் அணையின் கடைசி அடுக்கை இடித்து முடித்தார். இன்றும் அது நிற்கிறது.

பல வருஷம் கழித்து ஒருமுறை தயங்கித் தயங்கி அந்தப் பேச்சை எடுத்தேன். "கரை நிக்குதுல்லா, அது போதும்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒவ்வொரு இடவப்பாதிக்கு முன்பும் குடையால் அணையைக் குத்திப் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் அவர் கொடுத்தது, என்னிடமே இருக்கட்டும். எனக்காக அவர் சுமந்ததை மட்டும் இன்று திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வண்டலைப் போடச் சொன்னவள் நான்.