விளக்கெண்ணெய் குடித்த கோல்ஃப் மட்டைகள்

ஒரு பந்தைக் குழியில் தள்ள ஒருவருக்கு எதற்கு ஒன்பது மட்டைகள்? எனக்குத் தெரியவில்லை.

இன்று பென்னாகரம் பங்களா துரையின் பட்லர் முனியப்பன், மட்டைகளின் தோல் பிடிகளுக்கு விளக்கெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பிடிகள் காய்ந்து வெடித்திருந்தன. சரியாக்காவிட்டால் வேலை போய்விடுமாம்.

"ஈரத்துணியில தொடைச்சா போதாதா?" என்றேன்.

"கெணத்துல மாடு கட்டி கவலை எறைக்கிற தோல்பறிக்கே இதானுங்க ஊத்தறோம். காலேஜுல தோலெல்லாம் சொல்லித் தர்றாங்களா, டீச்சரம்மா?"

"பறியை யாரும் கையில புடிச்சு வீசறதில்ல, முனியப்பா."

இதைப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்க்குமுன், மறுநாள் செய்தி: துரை ஓங்கி வீசினார். பந்து அங்கேயே இருந்தது. மட்டை புளியமரத்தில் போய்த் தொங்கியது. துரைசானி கைதட்டிச் சிரித்தார். துரையின் பந்து ஒருநாளும் அவ்வளவு தூரம் போனதில்லையாம். துரையும் சிரித்துவிட்டதால் முனியப்பன் வேலை தப்பியது.

மட்டை இன்னும் மரத்தில்தான். யார் வீட்டிலாவது நீளமான ஏணி உண்டா?