நெஞ்சில் அமர்த்து

நர்சிங் மாணவிகள் வார்டுக்குப் போகுமுன், நின்றுபோன இதயத்தை நெஞ்சில் அழுத்தி ஓடவைக்கும் சி.பி.ஆர். பயிற்சிக்குச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். எங்கே படிப்பது என்பது அவரவர் விருப்பம். ஆதிராவின் வகுப்பில் பாதிப் பேர் ஆன்லைனுக்குப் போனார்கள். வீடியோவை ஓடவிட்டுத் துணி துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்தால் சான்றிதழ் தயாராக இருக்கும். இவர்களிடம் மாட்டப்போகும் நோயாளியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

ஆதிராவுக்கு அந்தக் கூத்து பிடிக்கவில்லை. கரமனையில் இரண்டு நாள் வகுப்பு ஒன்று உண்டு. கை கடுக்கக் கடுக்கப் பொம்மையின் நெஞ்சில் அழுத்தவைப்பார்கள். அதற்குத்தான் அவள் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அங்கே ஒரு நிபந்தனை: வீட்டிலிருந்து ஒருவர் கூட வந்து படிக்க வேண்டும். அவள் வீட்டில் அம்மா மட்டும்தான். வகுப்போ மலையாளத்தில். அதுதான் வினை.

ஆறு வருடம் முன்பு அப்பா உச்சிமாகாளி வீட்டில் சுருண்டு விழுந்தார். புளியங்குடியிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத அம்மா ஆவுடைத்தாய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். மறுமுனைப் பெண் மலையாளத்தில் சொன்னபடியே அவரைத் தூக்கி உட்காரவைத்து, தன் நெஞ்சில் சாய்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைசிவரை சரியவிடவில்லை என்று ஊரிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

இரண்டு மாதம் முன்பு கல்லூரி வகுப்பில் ஆசிரியை, "நெஞ்சில் அமர்த்து" என்றபோதுதான் ஆதிராவுக்குச் சுரீர் என்றது. மலையாளத்தில் அமர்த்து என்றால் அழுத்து. புளியங்குடிக்காரிக்கு அமர்த்து என்றால் உட்காரவை. அன்று போனில் அந்தப் பெண் சொன்னதும் இதே சொல்லாகத்தான் இருக்கும். அம்மா அந்தச் சொல்லை ஒருதரம் திருப்பிக் கேட்டிருக்கக்கூடாதா என்று கோபம் வந்தது. கோபப்பட்டதற்காக வெட்கமும் வந்தது. அன்றிலிருந்து அவள் அம்மாவின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை.

கரமனையில் அந்தச் சொல்லை நாள் முழுக்கச் சொல்வார்கள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டால்? வேண்டவே வேண்டாம் என்று ஆன்லைனிலேயே படிக்க முடிவு செய்தாள்.

சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடை வேலை முடிந்து வந்த ஆவுடைத்தாய், மேசையில் கிடந்த கரமனைப் படிவத்தைப் பார்த்துவிட்டு, ஏன் இதற்குப் போகவில்லை என்று கேட்டாள். உனக்கு லீவு கிடைக்காது, மலையாளம் சிரமம் என்று ஆதிரா மழுப்பினாள்.

"ரெண்டு மாசமா எம் மூஞ்சியப் பாக்காம சுத்துத. அமர்த்துன்னா என்னன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனைச்ச? கடைக்குப் போன மொத வாரமே சாக்குல அரிசிய அமர்த்தி நெறைக்கச் சொன்னாவ. அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. ஒங்கிட்ட சொல்லத்தான் தைரியம் வரல."

ஆதிரா அப்போதுதான் அம்மாவை நேராகப் பார்த்தாள். ஆறு வருடமாக இதை ஒற்றையாகச் சுமந்துகொண்டா அம்மா சோறு பொங்கினாள்?

"நர்ஸுக்குத்தானட்டி படிக்க, சொல்லு. நான் அமர்த்தியிருந்தா ஒங்கப்பா பொழைச்சிருப்பாவளா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் அம்மா இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குவாள். ஆதிராவுக்கு அந்தப் பொய் வரவில்லை.

"பொழைச்சிருக்கலாம்மா."

சொன்ன கணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆவுடைத்தாய் அழவில்லை. படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"என் பேர எழுது."