உள்ளே விட்ட துணி

தயானிக்கான சட்டையின் விலாத் தையலில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே விட்டு, மதலேனாவின் கைகள் தைத்துக்கொண்டிருந்தன. நெடுந்தீவுப் பிள்ளைகளுக்கு அவள் எப்போதும் அப்படித்தான் தைப்பாள். வளர வளரத் தையலைப் பிரித்துப் பெருப்பிக்கலாம்.

"அன்ரி, நான் என்ன இனிப் பனை மாதிரியே வளரப்போறன்?" என்று தயானி சிரித்தாள்.

புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில் அவளுக்குக் கிடைத்திருந்தது. நாளை படகேறிப் பல்கலைக்கழகம் போகிறாள். பத்து வருடங்களுக்கு முன்பு அவளும் மதலேனாவின் மகன் அனுசனும் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். அனுசன் எழும்பவில்லை.

"அவன்ரை சேட்டிலையும் இப்பிடித்தான் விட்டனான், பிள்ளை," என்றாள் மதலேனா. "பிரிக்க வேண்டி வரேல்லை. இன்னும் அப்பிடியே பெட்டிக்குள்ளை கிடக்குது."

தயானி இனி வளரமாட்டாள்தானே என்று, உள்ளே விட்ட துணியை வெட்டிவிடக் கத்தரிக்கோலை எடுத்தாள். தயானி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதேங்கோ அன்ரி. கம்பஸ் சோறு திண்டு கொழுத்தாலும் கொழுப்பன். வந்து உங்களட்டைத்தான் பிரிக்கத் தருவன்."

மதலேனா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை உதறி, நான்காக மடித்துத் தயானியிடம் கொடுத்தாள்.