லெப்ட் பேக் தமீம்

ஆலைப் பதிவேட்டில் தமீம் ஸ்டோர் உதவியாளன். ஆனால் ஸ்டோருக்குள் அவன் நின்ற நேரம் குறைவு. திருவொற்றியூர் சாலையில் இருந்த அந்த இரும்பு வார்ப்பட ஆலை அவனை வேலைக்கு எடுத்ததே கால்பந்துக்காகத்தான். காலையில் வந்து முகத்தைக் காட்டிவிட்டு நட்டு, போல்ட்டுகளைக் கொஞ்சம் பிரித்து அடுக்குவான். வெயில் சாய்ந்ததும் ஆலைக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குப் பயிற்சிக்குப் போய்விடுவான். அவன் இடம் லெப்ட் பேக். கோல்காரனுக்கு முன்னால், இடது பக்கத்தைக் காக்கிறவன்.

அவன் அப்பா மஜீது வண்ணாரப்பேட்டைத் தோல் கிடங்கில் மூட்டை சுமந்தவர். உப்புப் போட்ட பச்சைத் தோலைச் சுமந்து சுமந்து அவர் தோளில் ஆறாத புண். தமீமும் மீசை அரும்பும் முன்பே அதே கிடங்கில் தோல் தூக்கினான். சாயங்காலம் ராயபுரத்தில் கப்பல்காரர்களும் கூலிக்காரர்களும் பந்தாடும் பொட்டலுக்கு ஓடுவான். அங்கேதான் பக்தவச்சலம் அவனைப் பார்த்தார். அவர் ஸ்டோர் தலைமை. ஆலை அணியின் செகரெட்டரியும் அவர்தான். பந்து தெரிந்தவனை ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்.

மற்ற பேக்குகள் ஆளை இடித்துப் பந்தைப் பறிப்பார்கள். தமீம் இடிக்க மாட்டான். கணுக்காலில் ஒரு துணிக்கட்டு, அதற்குக் கீழே வெறும் பாதம். எதிரணிக்காரன் பந்தோடு பாய்ந்து வந்தால் அவசரப்படாமல் பின்வாங்கிக்கொண்டே போவான். வருகிறவன் பந்தைச் சற்று நீட்டித் தள்ளும் கணத்தில் தமீமின் பாதம் உள்ளே போய்ப் பந்தோடு வெளியே வந்துவிடும். பறிகொடுத்தவன் பந்தில்லாமலே நாலடி ஓடிவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். ராயபுரத்து டீக்கடைகளில் அவனுக்குப் 'பூட்டு தமீம்' என்று பேர் விழுந்தது. அந்த வேலையும் பேரும் இருந்ததால்தான் பதுருன்னிசாவை அவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மஜீது தோள் புண்ணோடு வீட்டில் உட்கார்ந்து மருமகள் கையால் சாப்பிட்டார்.

ஐம்பத்து நாலில், அவர்கள் ஆடிய லீகில் இனி பூட்ஸ் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பக்தவச்சலம் எல்லோருக்கும் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். கனத்த தோல், முன்பக்கம் கல்லு மாதிரி, அடியில் தோல் குமிழ்கள். தமீமுக்குக் குதிகால் கிழிந்தது. பதுருன்னிசா தினமும் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

"இன்னாங்க இது, ரத்தமா வருது. வேணாம்னு சொல்லிப் பாக்கக் கூடாதா?"

"தோலு தடிச்சா செரியாப் பூடும். அது இல்ல பேஜாரு. அத்த மாட்டிகினா என் காலு எங்க முடியுதுன்னே எனக்குத் தெர்ல."

பக்தவச்சலத்திடமும் ஒருநாள் அதையே சொன்னான். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"தமீமு, பூட்ஸ் போட்டு ஆடறவன் இங்க வேணும். ஆட முடியலேன்னா சொல்லு. உள்ளே உலைப் பக்கம் ஆள் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க."

மறுநாளும் தமீம் பூட்ஸை மாட்டிக்கொண்டு பயிற்சிக்கு இறங்கினான்.

அந்தப் பருவத்தில் ஒரு நூல் மில் அணியோடு ஆட்டம் வந்தது. மில்லுக்கு அவுட்சைடு ரைட், அதாவது வலது ஓரமாகப் பந்தைக் கொண்டு போகிறவன், ஜெயவேல். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய முகத்துவாரக்குப்பத்து மீனவப் பையன். மணலில் ஓடி வளர்ந்த கால், புல்லில் பறந்தான். அவனையும் மில் எடுத்தது ஆட்டத்துக்காகத்தான். இருவரும் வெறுங்காலோடு பலமுறை எதிரெதிராக ஆடியவர்கள். ஜெயவேல் அவனிடம் பந்தைப் பறிகொடுத்ததுதான் அதிகம். அன்று நிலைமை மாறியிருந்தது. தமீமைத் தாண்டித் தாண்டிப் போனான். பூட்ஸ் அவனுக்கு ஒத்துப்போயிருந்தது.

"இன்னா பாய், பூட்டு துரு புட்ச்சிகிச்சா?" என்று ஓடும்போதே கேட்டுச் சிரித்தான். அதில் விஷமம் கிடையாது. இருவரும் எப்போதும் அப்படிப் பேசிக்கொள்கிறவர்கள்தான்.

கோட்டுக்கு வெளியே நின்ற பக்தவச்சலம் மட்டும் சிரிக்கவில்லை. "நிறுத்துடா அவனை!" என்று கத்தினார்.

அடுத்த முறை ஜெயவேல் பந்தை நீட்டித் தள்ளினான். எத்தனையோ தடவை வாய்த்த அதே கணம்தான். தமீம் காலை உள்ளே விட்டான். காய்ந்த சவுக்குக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கோல்காரன்வரை அது கேட்டிருக்கிறது. ஜெயவேல் கத்தவில்லை. மண்ணில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்த எலும்பை யாருடையதோ போலப் பார்த்தான். அதன் பிறகுதான் அலறினான்.

அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு ஆட்டம் தொடர்ந்தது. வார்ப்பட ஆலை ஜெயித்தது. பக்தவச்சலம் தமீமின் முதுகில் தட்டினார்.

"இப்பத்தான்டா நீ பூட்ஸ் ஆட்டக்காரன்."



குப்பத்தில் என்ன நடந்தது என்பது தமீமுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஜெயவேலின் அம்மா சொக்கம்மாள் ஆஸ்பத்திரிக்குப் பயந்து, எலும்பு கட்டுகிற ஒருவரிடம் மகனைக் கொண்டுபோயிருக்கிறாள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார். கட்டுக்குள் புண் அழுகியது. காய்ச்சலில் மகன் பிதற்றத் தொடங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார்கள். எடுத்துவிட்டார்கள். ஆட முடியாதவனுக்கு மில்லில் இடமில்லை.

தமீம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனான். பதுருன்னிசா வேண்டாம் என்றுதான் சொன்னாள், போனான். குடிசை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த சொக்கம்மாள், யாரென்று தெரிந்ததும் முன்னாலிருந்த அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இன்னாத்துக்கு வந்த நீ? இன்னொரு காலு கீதான்னு பாக்க வந்தியா?"

உள்ளேயிருந்து ஜெயவேலின் குரல் வந்தது. "வுடும்மா. வரட்டும்."

அவன் பாயில் சாய்ந்திருந்தான். மழிக்காத முகம். துண்டால் மூடிய கால் பாதியில் நின்றுபோயிருந்தது. தமீம் உட்காரவில்லை.  ஜெயவேல்தான் முதலில் பேசினான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் பாய். ஒங் காலு மொதல்ல பந்து மேல பட்டுச்சா, எங் காலு மேல பட்டுச்சா?"

வெறுங்காலாக இருந்திருந்தால் அந்தக் கேள்விக்குத் தூக்கத்தில்கூடப் பதில் சொல்லியிருப்பான். பந்து என்று சொல்லிவிட்டால் இவன் ஆறுவானோ? கால் என்று சொன்னால் திட்டியாவது தீர்ப்பானோ? தமீமுக்குப் பொய் வரவில்லை.

"தெர்ல ஜெயவேலு. சத்தியமா தெர்ல. அந்தப் பூட்ஸுக்குள்ள எனக்கு ஒண்ணுமே தெர்ல."

ஜெயவேல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதுகூடத் தெரியாதா ஒனக்கு?" என்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த ஆட்டத்தில் தமீமால் காலை நீட்ட முடியவில்லை. ஆள் வந்தால் ஒதுங்கினான். கூட ஆடிய ரைட் பேக் தாமோதரன் "போடா மேல, போடா!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனான். இரண்டு கோல் தமீமின் பக்கமாகவே விழுந்தது. அவன் கோட்டோரம் உட்கார்ந்தான். கயிற்றை அவிழ்த்துப் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனான். அடுத்து வந்தவனிடமிருந்து பந்தைச் சுத்தமாக எடுத்தான். கூட்டம் ஒரு கணம் பழைய ஞாபகத்தில் ஆரவாரித்தது. நடுவர் விசில் ஊதி அவனை வெளியே போகச் சொன்னார். பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டு அவன் வீட்டுக்கு நடந்தான்.

மறுநாள் உலைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். வார்த்த இரும்பு இறுகிய பிறகு, இன்னும் சூடாறாத மண் அச்சைச் சம்மட்டியால் உடைக்கிற வேலை. கறுப்புத் தூசி நெஞ்சுக்குள் இறங்கும். மகன் இருமுவதை மஜீது வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓய்வு நாளில் தமீம் மறுபடியும் குப்பத்துக்குப் போகத் தொடங்கினான். குடிசைக்குப் போகவில்லை. கரையில் குப்பத்து ஆட்கள் பெரிய வலை இழுக்கும்போது, ஜெயவேல் நின்றிருக்க வேண்டிய இடத்தில் நின்று கயிற்றைப் பிடித்தான். உள்ளங்கை கிழிந்தது. முதலில் முறைத்தவர்கள், ஒரு கை கூடினால் நல்லதுதானே என்று விட்டுவிட்டார்கள். அவன் இழுத்ததற்கான பங்கு மீனை அவர்கள் சொக்கம்மாள் கூடையில் கொட்டினார்கள். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் இப்படியே போயிற்று. தன் மனசு கொஞ்சம் லேசாவதாகத் தமீமுக்குத் தோன்றியது. பதுருன்னிசாவிடமும் அப்படித்தான் சொன்னான்.

ஒருநாள் ஜெயவேல் கோலை ஊன்றிக்கொண்டு மணலில் இறங்கி வந்தான். கால் போனதிலிருந்து அவன் கரைக்கு வருவது அதுதான் முதல் தடவை.

"பாய், இனிமே வராத."

"நா ஒண்ணும் கேக்கல ஜெயவேலு. கயித்தப் புட்ச்சிட்டுப் போறேன், அவ்ளோதான்."

"ஒனக்கு இத்த இழுத்தா மனசு ஆறுது. தெரியுது எனக்கு. ஆனா நீ அங்க நிக்கிறப்பல்லாம் அந்தச் சத்தம் எங் காதுல கேட்டுகினே கீது. வூட்ட வுட்டு வெளிய வர முடியல. நா கரைக்கு வரணும் பாய். நீ வந்தா நா வர முடியாது."

தமீம் கயிற்றைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான். ஈரக் கைலியைப் பிழிந்துவிட்டு எண்ணூர் சாலைக்கு ஏறினான். ஏறுகிற இடத்தில் சொக்கம்மாள் கூடையோடு நின்றிருந்தாள். அவனைப் பார்த்தும் நகரவில்லை. வழி மட்டும் விட்டாள்.

அதற்குப் பிறகு அவன் குப்பத்துக்கும் போகவில்லை, பந்தாட்டம் பார்க்கவும் போகவில்லை. உலையிலேயே ஓடியது காலம். சில வருஷம் கழித்துத் திருவொற்றியூர்ச் சந்தையில் மீன் வாங்கப் போன பதுருன்னிசா, எண்ணூர்க்காரி ஒருத்தியிடம் விசாரித்துக்கொண்டு வந்தாள். ஜெயவேல் கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறானாம். ஊருக்கே அவன்தான் வலை கட்டுகிறானாம். அம்மு என்று ஒரு பெண்ணைக் கட்டியிருக்கிறான். குழந்தையும் இருக்கிறது.

தமீம் இருமி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"நல்லாத்தான் கீறாங்களாம்" என்றாள்.

"சரி" என்றான் தமீம். முகத்தைத் துடைத்துக்கொண்டு மாலை ஷிப்டுக்குக் கிளம்பினான்.