மையில் தெரிந்த மச்சான்

என் மூத்த அக்காவை நாங்கள் லாத்தா என்போம். அவள் கணவரை மச்சான் என்று கூப்பிட எனக்குக் கூச்சம் தெளியும் முன்பே அவர் காணாமல் போய்விட்டார். ஐப்பசியில் கொழும்புக்குச் சரக்கேற்றிப் போன தோணி அது. புயலுக்குப் பிறகு தோணியும் திரும்பவில்லை, போனவர்களும் திரும்பவில்லை. ஒரு பலகைகூட எங்கள் கரையில் ஒதுங்கவில்லை. மற்ற வீடுகளில் சில வருஷம் பார்த்துவிட்டு, பள்ளிவாசல் ஜமாஅத்தில் சொல்லி, பெண்கள் தாலியாகக் கட்டியிருந்த கருகமணியைக் கழற்றி, புருஷன் இறந்தவள் நாலு மாசம் பத்து நாள் ஒதுங்கியிருக்கும் இத்தா இருந்தார்கள். லாத்தாவின் மாமியார் மட்டும் மகன் செத்தான் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை.

காரணம் அரிமளம் பக்கம் இருந்த ஒரு மைக்காரர். வெற்றிலையில் மையைத் தடவி உற்றுப் பார்ப்பார். தொலைந்த மாடும் தெரியுமாம், மனுஷனும் தெரியுமாம். மாமி வருஷம் தவறாமல் பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வருவார். மையில் மச்சான் ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்தார். முதலில் தீவில் இருந்தார். பிறகு கப்பலில் வேலை பார்த்தார். ஒரு வருஷம் சதை போட்டிருந்தாராம். அன்று மாமி நெய்ச்சோறு ஆக்கி எங்கள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். லாத்தா அதைத் தொடவில்லை. நான்தான் வெட்கமில்லாமல் தின்றேன்.

அறந்தாங்கியில் கடை வைத்திருந்த ஒருவர், மனைவியை இழந்தவர், லாத்தாவைக் கேட்டு ஆள் அனுப்பினார். அவளுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. எங்கள் தகப்பனார், அத்தா, மச்சான் இறந்ததாக முடிவு சொல்லச் சொல்லி ஜமாஅத்தில் போய் நின்றார். "மை பார்க்கிறது ஹராம். மறைவானது அல்லா ஒருத்தனுக்குத்தான் தெரியும்" என்று பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் தெளிவாகவே சொன்னார். உடனே திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது.

"எம்மவன் உசுரோட இருக்கான். நாளைக்கு வந்து வாசல்ல நின்னா யாருங்க பதில் சொல்லுவீங்க?"

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மையை ஹராம் என்ற அதே வாய்கள், இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றன. எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அடுத்த வாரம் லாத்தா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, "வா புள்ள, அரிமளத்துக்குப் போவோம்" என்றாள். மைக்காரர் வற்றலான, சாதுவான மனிதர். லாத்தா உட்காரக்கூட இல்லை.

"எங்க மாமி ஒங்க வார்த்தையத்தான் நம்புறாங்க. அவரு மவுத்தாயிட்டாருன்னு ஒங்க வாயால சொல்லிருங்க ஐயா."

அவர் ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்தார். "இருக்காரான்னு கேட்டுத்தான் எல்லாரும் வருவாங்க. இப்படிக் கேட்டு வந்த மொத ஆளு நீதாம்மா" என்றார். பிறகு மையைத் தடவிப் பார்த்தார். "தண்ணிக்கு அடியில கெடக்காரும்மா. அன்னிக்கே முடிஞ்சிருச்சு. அந்தம்மா வரட்டும், நானே சொல்லிர்றேன்."

கேட்டது கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். திரும்பும்போது பஸ்ஸில் லாத்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பொய் சொல்றான்" என்றாள்.

"நீதானே லாத்தா சொல்லச் சொன்ன?"

"அதான் சொல்றேன். மாமி கேட்டா மாமிக்குப் புடிச்சதச் சொல்றான், நான் கேட்டா எனக்கு. அவனுக்கு ஒண்ணுந் தெரியாது. தெரிஞ்சவன் சொல்ல மாட்டேங்குறான்."

தெரிஞ்சவன் என்று அவள் சொன்னது அல்லாவை. குறி, கேட்டவர் மனசுக்குத் தக்கபடி பதில் தரும். படைத்தவன் தர மாட்டான். இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருப்பது அந்த பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மைக்காரரின் பொய்யாவது மாமிக்கு ஒரு வேளை நெய்ச்சோறு ஆக்கும் தெம்பைக் கொடுத்தது. லாத்தாவுக்கு அதுவும் இல்லாமல் போயிற்று.

அடுத்த முறை போன மாமி சிரித்த முகத்தோடுதான் திரும்பினார். மாமியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மைக்காரருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. மச்சானுக்குக் காதோரம் நரை கண்டிருக்கிறதாம். அறந்தாங்கிக்காரர் வேறு இடத்தில் நிக்காஹ் செய்துகொண்டார்.

சில வருஷத்தில் மாமி படுக்கையில் விழுந்தார். கடைசிவரை அவருக்குக் கஞ்சி ஊட்டியது லாத்தாதான். மாமியை அடக்கம் செய்த பிறகு, தடுக்க யாரும் இல்லாததால் ஜமாஅத்துக்குத் தைரியம் வந்தது. மச்சான் இறந்ததாக முடிவு செய்தாயிற்று, இன்றிலிருந்து இத்தா நாளை எண்ணிக்கொள்ளலாம் என்று ஹஜ்ரத் சொல்லி அனுப்பினார். சேதியைச் சொன்னவள் நான்தான்.

லாத்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"இன்னிலேருந்துன்னா, நேத்துவரைக்கும் அவரு உசுரோட இருந்தாரா?"

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கழுத்துக் கருகமணியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு அதைச் சேலைக்குள் தள்ளிவிட்டு, மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.